பிடோக் வீட்டுக் குடும்பம் (சிங்கப்பூர்க் குடும்பம் ஒன்றின் குழு உரையாடல்)

புதன், மாலை 6.40

கவிதா: இனியாவுக்குக் கை, கால், வாய்ப்புண் நோய். காய்ச்சல் இறங்கிவிட்டது, ஆனால் இந்த வாரம் பாலர் பள்ளிக்கு அனுப்ப முடியாது. நாளைக்கு அவள் வகுப்பு கரையோரப் பூந்தோட்டத்துக்குக் கள்ளிச்செடி பார்க்கப் போகிறது. அழுதுகொண்டே இருக்கிறாள். அடுத்த வாரம் பாலைவனத்தைப் பற்றி ஒவ்வொரு பிள்ளையும் பேச வேண்டுமாம். வீட்டிலிருந்தே என்ன காட்டலாம்?

மல்லிகா: ஐயோ பாவம். இளநீர் கொடு.

வசந்தி: கொடுத்தேன் அண்ணி. கஞ்சிதான் இறங்க மாட்டேன் என்கிறது.

பிரகாஷ்: யூடியூப்

கவிதா: வேண்டாம் அத்தான். போட்ட உடனே கார்ட்டூனுக்குத் தாவிவிடுகிறாள்.

பிரகாஷ்: இது நேரலை. நமீபியாகேம் என்று தேடு. ஆப்பிரிக்காவில் நமீபியா நாட்டு நமீப் பாலைவனத்தில் ஒரு தண்ணீர்க் குட்டை, எதிரே கேமரா. ராத்திரி பகலாக ஓடும்.

சுந்தரம்: கவிதா, பிரகாஷ் சொல்வது நல்ல யோசனை. ஆனால் நேரம் பார்த்துப் போடு. நமீபியா நமக்கு 6 மணி நேரம் பின்னால். இங்கே காலை 9 என்றால் அங்கே விடியாத 3 மணி, திரையில் கறுப்பு வெள்ளைதான் தெரியும். மதியம் 2 மணிக்குப் போட்டால் அங்கே காலை 8. ஓரிக்ஸ் மான் வரும், வரிக்குதிரை வரும், சில நாள் நெருப்புக்கோழியும் வரும். பெயரை நீ முந்திக்கொண்டு சொல்லாதே. யார் முதலில் குடிக்கிறது, யார் தலையைத் தூக்கிக் காவல் பார்க்கிறது, யார் ஒதுங்கி நிற்கிறது என்று அவளே கண்டுபிடித்துச் சொல்லட்டும். பேப்பரும் பென்சிலும் பக்கத்தில் வை. குட்டை காலியாகக் கிடந்தாலும் அணைத்துவிடாதே. மண்ணில் கால்தடம் தெரிகிறதா என்று கேள்.

ரவி: அண்ணே, அபுதாபி இன்னும் வரவில்லையே 😄

சுந்தரம்: வருகிறது. ஒட்டகத் திமிலில் இருப்பது கொழுப்பு. தண்ணீர் என்று பிள்ளை வகுப்பில் சொல்லிவிடக் கூடாது. கண் இமையில் முடி இரண்டு வரிசை, மணல் புகாமல் இருக்க. நான் அபுதாபித் துறைமுகத்தில் இருந்தபோது கிட்டத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

மல்லிகா: ஒட்டகத்தைப் பார்த்த நேரத்தில் அம்மாவையும் ஒருமுறை வந்து பார்த்திருக்கலாம்.

பிரகாஷ்: அம்மா…

வசந்தி: ஞாயிற்றுக்கிழமை திதிக்கு ஐயரிடம் யார் பேசினீர்கள்?

ரவி: நான் இல்லை

மல்லிகா: நான் போன தடவை பேசினேன்.

கவிதா: பெரியப்பா, எங்கள் வீட்டில் கள்ளி இல்லையே. செடிக்கு என்ன செய்வது?

ரவி: அம்மா பிடோக் வீட்டு வாசலில் வைத்திருந்த பாலைவன ரோஜா எங்கே?

மல்லிகா: என்னிடம்தான் இருக்கிறது.

சுந்தரம்: உன்னிடமா? வீடு விற்றபோது அந்தத் தொட்டி எங்கே என்று எல்லோரிடமும் கேட்டேனே!

மல்லிகா: அம்மா கையால் எனக்குக் கொடுத்தது. அதற்கு முன்னால் யாராவது ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றினீர்களா?

சுந்தரம்: அதனால்தான் பிழைத்தது. இந்த ஊர் மழைக்கும் ஈரத்துக்கும் அது அழுகித்தான் சாகும். அதன் சொந்த ஊர் அரேபியாவும் ஆப்பிரிக்காவும். கவிதா, அடியில் பருத்திருக்கும் தண்டுதான் அதன் தண்ணீர்த் தொட்டி. இனியா மெதுவாக அமுக்கிப் பார்க்கட்டும். கெட்டியாக இருந்தால் வயிறு நிறைந்திருக்கிறது. ரொம்ப நாள் காய்ந்தால் மெத்தென்று சுருங்கும். ஆனால் செடியில் வடியும் பால் விஷம். ஆப்பிரிக்காவில் அம்பு முனையில் தடவியிருக்கிறார்கள். கிளையை ஒடிக்க விடாதே, தொட்டதும் கையைக் கழுவ வை.

பிரகாஷ்: அப்படியென்றால் எங்கள் வீட்டில் இனி அது வேண்டாம். குட்டி தவழ ஆரம்பித்துவிட்டான்.

மல்லிகா: நான் உயரத்தில்தான் வைத்திருக்கிறேன்.

சுந்தரம்: செடி வரும்வரை சமையலறையிலேயே ஒன்று செய்யலாம். ஒரு தட்டில் விரல் நீளத்துக்குக் கற்றாழைத் துண்டு, பக்கத்தில் நாலு கறிவேப்பிலை. கற்றாழையில் மஞ்சளாக வடிவதைக் கழுவிவிடு, வாயில் வைக்க விடாதே. காலையும் மாலையும் இனியா தொட்டுப் பார்த்து வரையட்டும். கறிவேப்பிலை சுருண்டு நொறுங்கும். கற்றாழையில் வெட்டிய இடம் மட்டும் காயும், உள்ளே குழகுழவென்று அப்படியே இருக்கும். தோலில் மெழுகு இருக்கிறது. அதோடு அது பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில்தான் திறக்கும். கள்ளியும் அப்படித்தான். கள்ளியின் முள்தான் அதன் இலை, பச்சையாகத் தெரிவது தண்டு.

வசந்தி: கற்றாழை இருக்கிறது. தலைக்குத் தேய்க்க வாங்கியது.

ரவி: என் தலைக்கா உன் தலைக்கா

வசந்தி: 🙄

வியாழன், மதியம் 2.25

கவிதா: பார்த்தோம்! முதலில் ரொம்ப நேரம் வெறும் மண். "யாருமே இல்லை"னு முகம் சுளித்தாள். அப்புறம் ஓரிக்ஸ் ஒன்று வந்தது. முகத்தில் கறுப்புப் பட்டை இருக்கிறதல்லவா, "கோடுமூஞ்சி" என்று பெயர் வைத்துவிட்டாள். பின்னாலேயே இன்னும் இரண்டு. ஒன்று குனிந்து குடிக்கும்போது மற்றது குடிக்காமல் நிற்கிறதாம், "அதுக்குத் தாகம் இல்லையா?" என்கிறாள். நிழல் ஏன் அவ்வளவு நீளம் என்றும் கேட்கிறாள்.

சுந்தரம்: நிழலைக் கவனித்தாளா! சபாஷ். அங்கே இப்போதுதான் வெயில் ஏறுகிறது, சூரியன் தாழ்வாக இருக்கிறது. இரவு 7 மணிக்கு மறுபடி போடு, அங்கே பிற்பகல் 1. நிழல் நன்றாகக் குறுகியிருக்கும். இரண்டையும் வரையச் சொல். தாகம் பற்றி நீ பதில் சொல்லாதே, நாளைக்கும் பார்க்கட்டும்.

மல்லிகா: என் செல்லம். தட்டு என்ன ஆயிற்று?

வசந்தி: கறிவேப்பிலை ஓரத்தில் சுருளுகிறது. யாரும் எடுத்து ரசத்தில் போடக் கூடாதாம், உத்தரவு.

ரவி: ஞாயிறு எத்தனை மணிக்கு?

சுந்தரம்: திதியா? 10 மணி என்று நினைக்கிறேன். ஐயரிடம் கேட்க வேண்டும்.

கவிதா: நாங்கள் வர முடியாது பெரியப்பா. பிரகாஷ் அத்தான் குட்டிக்கு ஒட்டிக்கொள்ளும். தொட்டியை மட்டும் யாராவது வாசலில் வைத்துவிட்டுப் போக முடியுமா?

பிரகாஷ்: சனிக்கிழமை எனக்கு வேலை.

சுந்தரம்: நான் போய் எடுத்துக் கொடுக்கிறேன். மல்லிகா, வீட்டில் இருப்பாயா?

மல்லிகா: பிள்ளைக்கென்றால் தருகிறேன். திரும்ப எனக்குத்தான் வர வேண்டும்.

சுந்தரம்: அதை ஞாயிற்றுக்கிழமை பேசுவோம்.

மல்லிகா: பேச ஒன்றும் இல்லை அண்ணே. சனிக்கிழமை 5 மணிக்கு மேல் வாருங்கள், காப்பி போட்டு வைக்கிறேன்.

வசந்தி: ஐயரிடம் யார் பேசுகிறீர்கள்?