மறு: "சூனியக்காரி வேட்டை"க்கு மாற்று – சூனியப்பழி, உருவெளிச் சாட்சியம், செய்வினை

வணக்கம். சூனியம் செய்வதாகக் குற்றம் சாட்டி ஆட்களைத் தேடிப்பிடித்துத் தண்டிப்பதற்கும் (ஆங்கிலத்தில் "விட்ச் ஹன்ட்") அதைச் சார்ந்த கருத்துகளுக்கும் தமிழ்க் கலைச்சொல் தேடும் நம் இழையில் வந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுதுகிறேன்.

> "சூனியக்காரி வேட்டை" என்று பத்திரிகைகளில் ஏற்கெனவே புழங்குகிறது. புதுச்சொல் எதற்கு?

ஐயா, புழங்குவது உண்மைதான். ஆனால் அந்தச் சொல் யார் பக்கம் நின்று பேசுகிறது என்று பாருங்கள். ஜார்க்கண்டிலிருந்தோ அசாமிலிருந்தோ செய்தி வந்தால் "சூனியக்காரி எனக் கூறி மூதாட்டி அடித்துக் கொலை" என்று தலைப்பு போடுகிறார்கள். அதில் "எனக் கூறி" என்ற இரண்டு சொல்தான் செத்துப்போன பெண்ணுக்குத் துணை. "சூனியக்காரி வேட்டை" என்று கலைச்சொல்லாகச் சுருக்கியதும் அந்த இரண்டு சொல்லும் உதிர்ந்துவிடுகின்றன. ஒரு சூனியக்காரி இருந்தாள், அவளைத் தேடிப் பிடித்தார்கள் என்றுதான் வாசகர் எடுத்துக்கொள்வார். -காரி விகுதி பெரும்பாலும் தொழிலைச் சொல்வது. பூ விற்பவள் பூக்காரி, கீரை விற்பவள் கீரைக்காரி. அந்த வரிசையில் சூனியக்காரி என்றால் சூனியம் வைப்பதே பிழைப்பு என்றாகிறது. வரலாற்றில் கொல்லப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அப்படி ஒரு பிழைப்பே கிடையாது.

ஐரோப்பாவில் ஏறத்தாழ 1450 முதல் 1750 வரை இந்தக் குற்றச்சாட்டில் கொல்லப்பட்டவர்கள் 40,000 முதல் 60,000 பேர் என்பது வரலாற்றாய்வாளர்கள் பொதுவாக ஏற்கும் கணக்கு. லட்சக்கணக்கில் என்று வலைப்பக்கங்களில் சுற்றும் எண்ணை நாம் எடுத்துப் போட வேண்டாம். இவ்வளவு பேரையும் ஒரே விகுதியில் "-காரி" ஆக்குவது எனக்கு ஒப்பவில்லை.

என் முன்மொழிவு சூனியப்பழி. கொலைப்பழி, திருட்டுப்பழி என்று நாம் சொல்லும் அதே வார்ப்பு. "அவன்மேல் கொலைப்பழி விழுந்தது" என்றால் அவன் கொன்றான் என்று யாரும் புரிந்துகொள்வதில்லை. செய்ததைப் பற்றி வாய் திறக்காமல், சுமத்தியதை மட்டும் சொல்லும் சொல் அது. இதிலிருந்து மற்றவையும் சிரமமில்லாமல் வரும்: சூனியப்பழி வழக்கு, சூனியப்பழிக்கு ஆளானவர், சூனியப்பழிக் கொலை, சூனியப்பழி வேட்டை.

1692இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தின் சேலம் ஊரில் நடந்த வழக்குகளில் இந்தச் சொல்லைப் பொருத்திப் பாருங்கள். ரெபெக்கா நர்ஸ் என்ற 71 வயது மூதாட்டி. ஊரில் மதிப்புள்ளவர், காது மந்தம். ஜூரிகள் முதலில் "குற்றமற்றவர்" என்றே தீர்ப்புச் சொன்னார்கள். உடனே, அவரால் துன்பப்படுகிறோம் என்று சொல்லிவந்த சிறுமிகள் நீதிமன்றத்திலேயே கூச்சலிட்டுத் துடித்தார்கள். வேறொரு கைதியைப் பார்த்து "அவள் எங்களில் ஒருத்தி" என்று ரெபெக்கா சொன்னதை மறுபடி யோசியுங்கள் என்றார் தலைமை நீதிபதி வில்லியம் ஸ்டவுட்டன். எங்களைப்போல் சிறையில் கிடப்பவள் என்பதே அந்த அம்மாள் சொல்ல வந்தது. ஜூரிகள் திரும்ப வந்து விளக்கம் கேட்டபோது அவர் காதில் விழவில்லை. பதில் வராததே குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆயிற்று. ஜூலை 19 அன்று தூக்கிலிட்டார்கள்.

அந்த ஆண்டு சேலத்தில் தூக்கிலிடப்பட்டவர்கள் 19 பேர். அவர்களில் 14 பெண்கள், 5 ஆண்கள். வழக்கை ஏற்று வாதாட மறுத்த கைல்ஸ் கோரி என்ற முதியவரை மேலே கல் அடுக்கி நசுக்கியே கொன்றார்கள். இதில் நாம் கலைச்சொல்லுக்காகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. "ஆமாம், சூனியம் செய்தேன்" என்று ஒப்புக்கொண்டு அதிலேயே நின்ற எவரும் தூக்கிலிடப்படவில்லை. முதலில் ஒப்புக்கொண்ட டிட்டுபா என்ற அடிமைப்பெண் உயிர் பிழைத்தார். தூக்குமேடை ஏறியவர்கள், கடைசிவரை "நான் செய்யவில்லை" என்றவர்கள். அப்படிச் சொல்லிச் செத்தவர்களையே "சூனியக்காரி" என்று நாம் அகராதியில் பதிவது, ஸ்டவுட்டனின் தீர்ப்பைத் தமிழில் இன்னொரு முறை வாசிப்பதாகிவிடும்.

> சூனியப்பழி ஆணுக்கும் பொருந்துமா?

பொருந்தும், அக்கா. அதுவும் எனக்கு முக்கியமான காரணம். ஐரோப்பா முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் கொல்லப்பட்டவர்களில் நான்கில் மூன்று பங்குக்கும் குறையாமல் பெண்கள். ஹைன்ரிக் கிராமர் 1486இல் எழுதிய வேட்டைக் கையேட்டின் லத்தீன் தலைப்பே "தீங்கு செய்பவர்கள்" என்பதைப் பெண்பாலில்தான் வைத்தது. ஆனால் எல்லா இடத்திலும் அப்படி இல்லை. ஐஸ்லாந்தில் 17ஆம் நூற்றாண்டில் எரிக்கப்பட்டவர்கள் ஏறக்குறைய அனைவருமே ஆண்கள். அங்கே மந்திரக்குறி பொறிப்பது ஆணின் வித்தை என்று கருதப்பட்டது. நார்மண்டியிலும் ரஷ்யாவிலும் ஆண்களே அதிகம். பெண்கள்மீதே ஏன் அதிகம் விழுந்தது என்பதை வாக்கியத்தில் எழுதலாம், எழுதத்தான் வேண்டும். சொல்லுக்குள்ளேயே பூட்டி வைத்தால் ஐஸ்லாந்தைப் பற்றி எழுதும்போது "ஆண் சூனியக்காரிகள்" என்று தடுமாற நேரும்.

> பழி என்றால் பழிவாங்குதல் என்று படாதா?

தனியாக நின்றால் படலாம். முன்னால் ஒரு குற்றத்தின் பெயர் வந்துவிட்டால் படாது. கொலைப்பழி என்பதை யாரும் கொலைக்குப் பழிவாங்கல் என்று எடுப்பதில்லை.

சட்டங்களும் இந்தப் பக்கமே சாய்கின்றன என்பதைச் சட்டம் படித்த நண்பர்கள் கவனிக்க வேண்டும். பீகார் 1999இலும் ஜார்க்கண்ட் 2001இலும் கொண்டுவந்த சட்டங்களில் "டாயின்" (இந்தியில் சூனியக்காரி) என்பவர், வேறொருவரால் டாயின் என அடையாளம் காட்டப்பட்ட பெண். ஒருவரை அப்படி அடையாளம் காட்டுவதே குற்றம். ஆனால் தண்டனை மூன்று மாதச் சிறை, ஆயிரம் ரூபாய் அபராதம் என்ற அளவில் நின்றுவிட்டது. ஒரு குடும்பத்தின் வாழ்க்கையை அழிக்கும் சொல்லுக்கு இது மிகக் குறைவு என்பதே என் கருத்து. சத்தீஸ்கர் 2005இல் "டோனஹி" என்ற உள்ளூர்ச் சொல்லை வைத்தே சட்டம் இயற்றி, தண்டனையையும் கூட்டியது. அசாம் 2015இல் நிறைவேற்றியது இவற்றைவிடக் கடுமையானது. நான்கு மாநிலச் சட்டங்களிலும் தண்டிக்கப்படுவது பழி சுமத்தல். அதை "சூனியத் தடுப்புச் சட்டம்" என்று மொழிபெயர்த்தால் சூனியத்தையே தடை செய்தது போல் தலைகீழாகிவிடும். "சூனியப்பழித் தடுப்புச் சட்டம்" என்றால் குழப்பமில்லை. 2021இல் பத்மஸ்ரீ பெற்ற ஜார்க்கண்டின் சுட்னி மஹாதோவும் அசாமின் பிருபாலா ரபாவும் எதற்கு எதிராகப் போராடினார்கள் என்று ஒரு பள்ளிப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டுமானால், இந்த ஒரு சொல் போதும்.

செய்தி எழுதும் நண்பர்களுக்கு இன்னொன்று. "மாந்திரீகக் கொலை" என்ற தலைப்பை இரண்டு நேரெதிர் காரியங்களுக்கும் போடுகிறோம். மந்திரம் செய்கிறார் என்று சந்தேகப்பட்டு ஒருவரைக் கொல்வதும் அதுதான், மந்திரம் பலிக்க வேண்டும் என்று ஒருவரைக் கொல்வதும் அதுதான். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் இவற்றைக் கொலை நோக்கங்களில் தனித்தனியாகவே பிரிக்கிறது. முதலாவது சூனியப்பழிக் கொலை, இரண்டாவது நரபலி என்று நாமும் பிரித்துவிடலாம்.

அடுத்து, ஒருவரின் உருவம் வந்து வருத்தியது என்று சொல்லும் சாட்சியம்.

> "ஆவிச் சாட்சியம்" என்று பரிந்துரைக்கிறேன்.

இது வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். நம் பேச்சில் ஆவி என்றால் செத்தவருடையது. சேலத்தில் சிறுமிகள் பார்த்ததாகச் சொன்னது, உயிரோடு எங்கோ இருக்கும் ஒருவரின் உருவத்தை. "இவருடைய உரு இரவில் வந்து என் கழுத்தை நெரித்தது" என்பதுதான் சாட்சியம். வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன் என்று நிரூபித்தாலும் பயனில்லை, வந்தது உரு தானே!

இதற்கு நம்மிடம் பழைய சொல் ஒன்று கைவசம் இருக்கிறது: உருவெளி. இடைவிடாமல் நினைத்துக்கொண்டே இருப்பவரின் உருவம், அவர் அங்கே இல்லாமலே கண்முன் தோன்றுவது. கம்பன் ஆரணிய காண்டத்தில் காட்டுவானே, சீதையின் நினைவில் வெந்துகொண்டிருக்கும் இராவணன், வெட்டவெளியில் ஓர் உருவத்தைக் கண்டு, நீ சொன்ன சீதை இவள்தானா என்று சூர்ப்பணகையைக் கேட்கிறான். அவளோ, வந்திருப்பவன் இராமன் என்கிறாள். ஒரே இடத்தைப் பார்க்கிறார்கள், ஆளுக்கொன்று தெரிகிறது. நீதிமன்றத்தில் அந்தச் சாட்சியத்துக்கு இருந்த ஓட்டையைக் கம்பன் எவ்வளவு துல்லியமாகக் காட்டிவிடுகிறான்! பார்ப்பவர் மனத்தில் இருப்பதுதான் வெளியில் தெரிகிறது. எனவே உருவெளிச் சாட்சியம். 1692 அக்டோபரில் இன்கிரீஸ் மேதர் என்ற மதகுரு இவ்வகைச் சாட்சியத்தை மட்டும் நம்பித் தண்டிக்கக் கூடாது என்று எழுதினார். அந்த மாத இறுதியில் ஆளுநர் பிப்ஸ், சேலம் வழக்குகளை விசாரித்துவந்த சிறப்பு நீதிமன்றத்தைக் கலைத்தார். உருவெளிச் சாட்சியத்தை ஒதுக்கிவிட்டு 1693இல் விசாரித்தபோது, மிச்சமிருந்தவர்களில் பெரும்பாலோர் விடுதலையானார்கள்.

மானிடவியல் பகுதிக்கு வருகிறேன். இவான்ஸ்-பிரிச்சார்ட் என்ற மானிடவியலாளர் 1937இல் நடு ஆப்பிரிக்காவின் அசாண்டே மக்களைப் பற்றி எழுதியபோது இரண்டைப் பிரித்தார். ஒன்று, மருந்தும் மந்திரமும் வைத்துச் செய்வது. இதற்குச் செய்வினை அப்படியே பொருந்துகிறது. செய்வினை, செயப்பாட்டுவினை என்ற இலக்கணப் பாடம் நினைவுக்கு வருமே என்ற இலக்கண ஆசிரியரின் கவலை நியாயம்தான், ஆனால் இடம் பார்த்துப் பொருள் விளங்கிவிடும். மற்றொன்று, உடம்புக்குள்ளேயே பிறப்போடு வருவதாக அவர்கள் நம்புவது. எந்தச் சடங்கும் வேண்டாம், உடையவருக்கே அது தெரியாமலும் இருக்கலாம். தானியக் களஞ்சியம் சரிந்து, நிழலுக்கு ஒதுங்கியவர்கள்மேல் விழுகிறது. களஞ்சியத்தைத் தாங்கிய கால்களைக் கறையான் அரித்தது அவர்களுக்கும் தெரியும். ஆனால் இவர்கள் உட்கார்ந்திருந்த அந்த நேரம் பார்த்து ஏன் விழுந்தது என்ற கேள்விக்குத்தான் இது பதில்.

இதைச் சூனியம் என்றால் தவறு. சூனியம் நம்மூரில் ஒருவர் "வைப்பது", இன்னொருவர் "எடுப்பது". எதுவும் செய்யாமலே, சில சமயம் நினைக்காமலே தீங்கு போய்ச் சேரும் என்ற நம்பிக்கைக்கு நம்மிடம் நெருங்கியது கண்ணேறுதான். ஆனால் அது கண்ணோடு கட்டுண்டது. உட்சூனியம் என்று முன்வைக்கிறேன். அசாண்டே சொல்லான "மங்கு" என்பதையே வைக்கலாம் என்ற யோசனையும் வந்தது. தமிழ் வாசகருக்கு முகத்தில் படரும் மங்கும் மங்கு சனியும்தான் முதலில் நினைவுக்கு வரும். அடைமொழி சேர்த்து "அசாண்டே மங்கு" என்றால் சரி.

அரசியலில் உருவகமாகச் சொல்வதற்குப் பழிவேட்டை போதும். அரசியல் பழிவாங்கல் வேறு, அது தெரிந்த எதிரிமேல் பாய்வது. பழிவேட்டையில் எதிரி யாரென்றே தெரியாது, ஊருக்குள் ஒளிந்திருப்பதாகத் தேடுவார்கள். பிடிபட்டவர் தப்ப வேண்டுமானால் இன்னொரு பெயரைச் சொல்ல வேண்டும். 1953இல் நாடகாசிரியர் ஆர்தர் மில்லர் சேலம் வழக்குகளை நாடகமாக மேடையேற்றியபோது அமெரிக்காவில் கம்யூனிஸ்ட் தேடல் நடந்ததும் இப்படித்தான்.

சிறுவர் கதைகளின் சூனியக்காரக் கிழவியை அப்படியே விட்டுவிடலாம், அவள் கற்பனை. தங்களைத் தாங்களே அந்தப் பெயரால் அழைத்துக்கொள்ளும் இன்றைய விக்கா சமயத்தவரை "விக்கா நெறியினர்" என்போம். அவர்கள் விரும்பி ஏற்ற பெயர் அது, பழியல்ல.

மீதமிருப்பது, இங்கிலாந்து வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர் தன் உடம்பிலிருந்து ஊட்டி வளர்ப்பதாகச் சொல்லப்பட்ட பூனை, தேரை, நாய் வடிவக் குட்டிப் பேய்கள். 1645இல் அங்கே சூனியப்பழி வேட்டை நடத்திய மாத்யூ ஹாப்கின்ஸ் கிழவிகளை இரவு முழுக்கத் தூங்கவிடாமல் உட்கார வைத்துக் காத்திருந்தது இவை வருகின்றனவா என்று பார்க்கத்தான். குட்டிச்சாத்தான் என்று ஒருவர் எழுதியிருந்தார். கேரளத்தில் அது கோயில் கொண்ட தெய்வம், கும்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள், அதனால் வேண்டாம். பில்லி, சூனியம், ஏவல் என்ற வரிசையில் மூன்றாவதை எடுத்து "ஏவற்பிராணி" எனலாமா? ஏவல் என்பதில் அனுப்பி வைப்பது மட்டும்தான் வருகிறது, வளர்ப்பது வரவில்லை. நாட்டார் வழக்காறு அறிந்தவர்கள் இதைவிடப் பொருத்தமான ஊர்ச்சொல் தெரிந்தால் எழுதுங்கள். அதுவரை பட்டியலில் இந்த ஒன்றை மட்டும் கேள்விக்குறியோடு வைத்திருக்கிறேன்.

அன்புடன்.