ஊவாவில் ஒரு போயாப் பகல்

அன்புள்ள ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையையெல்லாம் இலங்கை மலையகத்தின் மேற்கே ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்திலேயே கொட்டிவிட்டு, முகட்டைத் தாண்டி நம் ஊவா மாகாணத்து ஹப்புத்தளை, பண்டாரவளைச் சரிவுகளில் வெறுங்காற்றாகத்தான் இறங்குகிறது. அங்கே ஆடி, ஆவணி என்றால் சகதியும் குளிரும்; நம் பக்கத்திலோ அதே மாதங்களில் பத்தனைப் புல் காய்ந்து பழுப்பேறி, பகல் வெயில் சுள்ளென்று அடிக்கிறது. ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை வீசும் இந்த வறண்ட காற்றினால்தான் ஊவாத் தேயிலைக்கு உலகறிந்த மணம் ஏறுகிறது. ஆனால் துளிர் விடுவது மந்தமாகிவிடுவதால் கொழுந்து எடுப்பவர்களுக்கு நிறை தேறுவதில்லை. தேயிலைக்கு மணம் கூடும் மாதங்களிலேயே தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில், நிறை குறைந்தால் அரை நாள் கூலிதான் என்ற அரைப்பேர்க் கவலையும் கூடுகிறது என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

அந்தக் கவலைக்கு நடுவே வரும் ஓய்வு நாளின் அருமையைப் பற்றித்தான் எழுத வந்தேன். ஓர் ஆகஸ்ட் விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அம்மாயி (அம்மாவின் அம்மா) வீட்டில் தங்கியிருந்தோம். பௌர்ணமி விடுமுறையான நிக்கினி போயா தினத்தன்று கொழுந்து எடுக்க மலைக்கு யாரும் போகவில்லை. மாமாவும் அத்தையும் சித்தி குடும்பமும் ஒரே வீட்டில் ஒரு முழுப் பகலும் ஒன்றாக இருப்பது மற்ற நாட்களில் நடக்காத காரியம்.

பத்து மணிக்கே தகரக் கூரை சூடேறிவிட்டது. உள்ளே இருக்க முடியாமல் பாயை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் பின்னால் இருக்கும் பலாமரத்தடிக்குப் போனோம். குளிப்பதற்காகப் பிள்ளைகளை மலைநீர் வரும் பீலிக்கு அழைத்துப் போனபோது, மழைக்காலத்தில் தோள் வலிக்க விழும் தண்ணீர் விரல் பருமனுக்கு மெலிந்திருந்தது. வாளி நிறையும் வரை காத்திருந்து, ஆளுக்கொரு வாளியாகத்தான் தலைக்கு ஊற்றிக்கொண்டார்கள். வெயில் எவ்வளவு காய்ந்தாலும் அந்தத் தண்ணீரின் குளிர் மட்டும் குறைவதே இல்லை. என் மகள் கத்திய கத்தல் மேட்டு லயம் வரை கேட்டிருக்கும்.

பகல் சாப்பாட்டுக்கு அம்மாயி சோறு வைக்கவில்லை, ரொட்டிதான். கோதுமை மாவில் தேங்காய்ப்பூவும் உப்பும் சேர்த்துப் பிசைந்து, உருட்டி, உள்ளங்கையாலேயே தட்டிக் கல்லில் போட்டார். எத்தனையோ வருடம் கொழுந்து கிள்ளிய அந்த விரல்களின் ஓரங்களில் கறை கருத்துக் கோடுகளாகப் படிந்திருக்கிறது. மலைக்குப் போவதை நிறுத்திய பிறகும் அது போகவில்லை. காய்ந்த மிளகாயும் வெங்காயமும் மாசிக் கருவாடும் இடித்து, தேசிக்காய் பிழிந்த கட்டச்சம்பலை அத்தை அம்மியிலிருந்து அப்படியே வழித்து வைத்தார். காரம் தாங்காத பிள்ளைகளுக்கு ரொட்டியும் சீனியும். பிறகு எல்லோருக்கும் சாயத் தண்ணி. வெயிலில் சுடச்சுடத் தேநீர் எதற்கு என்று என் மகன் கேட்டான். குடித்து வியர்த்து, அந்த வியர்வையில் காற்றுப் பட்ட பிறகு அவனே இரண்டாவது கோப்பைக்குக் கை நீட்டினான்.

சாப்பிட்டு முடிந்ததும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. மாமா பாயின் ஓரத்தில் துண்டை விரித்துத் தூங்கினார். நான் ஊரில் இருந்த காலத்தில் மாமா பகலில் படுத்துப் பார்த்ததே இல்லை. அம்மாயி வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, அக்கரைக்குப் போனவர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். 1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில், நம் போன்ற இந்திய வம்சாவளி மக்களில் ஐந்து லட்சத்து இருபத்தைந்தாயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்றும் மூன்று லட்சம் பேருக்கு இலங்கைக் குடியுரிமை கொடுப்பது என்றும் இரு அரசுகளும் பங்கு பிரித்ததை நாம் வரலாறாகப் படித்தோம். அம்மாயிக்கோ அது லயத்தின் மூன்றாம் காம்பரா வீட்டில் இருந்த தன் தங்கை நீலகிரிக்குப் போன கதை. பண்டாரவளை ஸ்டேஷனில் பெட்டி ஏற்றியதையும், தங்கை வளர்த்த ஆட்டை யாருக்குக் கொடுத்தார்கள் என்பதையும், அவர் கோத்தகிரியிலிருந்து எழுதிய முதல் கடிதத்தை வாசிக்கத் தெரிந்த ஆளைத் தேடி அலைந்ததையும் அவசரமில்லாமல் ஒவ்வொன்றாகச் சொன்னார். இவற்றில் ஒன்றைக்கூட அவர் தொலைபேசியில் என்னிடம் சொன்னதில்லை. நாமும் ஐந்து நிமிடத்தில் சுகம் விசாரித்து வைத்துவிடுகிறோம். இந்தப் பேச்சு வருவதற்கு இப்படி ஒரு பகல் முழுவதும் வேண்டியிருக்கிறது.

நம்மில் பலர் டிசம்பர் விடுமுறையில்தான் ஊருக்குப் போகிறோம். அப்போது வடகீழ்ப் பருவமழை நம் பக்கம்தான் பெய்யும். வீட்டுக்குள் முடங்கிக் கிடந்துவிட்டுத் திரும்புகிறோம். லண்டனிலும் டொரோண்டோவிலும் இருப்பவர்களின் பிள்ளைகளுக்கு ஆகஸ்டிலும் பள்ளி விடுமுறைதான் என்பதால், இயன்றவர்கள் அந்த மாதத்தில் சென்று வாருங்கள். விமானச் சீட்டு எடுக்கும் முன் அந்த வருடத்தின் போயா தினத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். வேலை நாளில் போனால் மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வரும் வரை பெரும்பாலான வீடுகள் பூட்டியே இருக்கும். கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் இருக்கும் உறவுகள், உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எந்த லயத்தில் இருந்தார்கள் என்பதை இந்த மடலுக்குப் பதிலாக எழுதினால், அம்மாயியிடம் வாசித்துக் காட்டுவேன்.