நியூவார்க் ஸ்கூல்ல 100 மில்லியன் டாலர் கொட்டியும் சீர்திருத்தம் ஏன் நிக்கல?

சாக்பீஸ்:
எம்.எட் பேப்பருக்காக அமெரிக்க சிட்டி ஸ்கூல் சீர்திருத்தம் பத்தி படிச்சிட்டிருக்கேன். எந்த ஊர எடுத்தாலும் ஒரே கதை, புது சூப்பரின்டெண்டென்ட் (ஊர் ஸ்கூல்களுக்கெல்லாம் தலைமை நிர்வாகி) வருவாங்க, பெருசா பிளான் அறிவிப்பாங்க, மூணு நாலு வருஷத்துல ஆளும் காலி பிளானும் காலி. நியூ ஜெர்சில இருக்கற நியூவார்க்ல ஃபேஸ்புக் சக்கர்பெர்க் 100 மில்லியன் டாலர் குடுத்தாரு, அங்க காசு இல்லன்னு சொல்ல முடியாதே, அப்புறம் என்னதான் காரணம்?

எடிசன்வாசி:
நான் நியூ ஜெர்சிதாங்க. 2010ல ஓப்ரா ஷோல சக்கர்பெர்க், மேயர் கோரி புக்கர், கவர்னர் கிறிஸ்டி மூணு பேரும் உக்காந்து அறிவிச்சாங்க, ஊர்க்காரங்களுக்கே டிவி பாத்துதான் தெரியும். 1995லயே ஸ்கூல் நிர்வாகத்த ஸ்டேட் எடுத்துக்கிச்சு, ஓட்டு போட்டு வந்த போர்டு சும்மா ஆலோசனை சொல்லலாம், அவ்ளோதான். 2011ல கேமி ஆண்டர்சன் சூப்பரின்டெண்டென்ட்டா வந்தாங்க, 2013ல புக்கர் செனட்டராகி கிளம்பிட்டாரு, 2014ல ஆண்டர்சன் சில ஸ்கூல மூடறது, சார்ட்டருக்கும் (அரசு காசுல தனியா நிர்வாகம் பண்ற ஸ்கூல்) சேத்து ஒரே அட்மிஷன்னு எல்லாத்தையும் 'ஒன் நியூவார்க்'னு ஒரே மூச்சுல இறக்கினாங்க, அதே வருஷம் அத எதிர்த்து பேசின ராஸ் பராக்கா மேயரா ஜெயிச்சாரு, 2015ல ஆண்டர்சனும் போயாச்சு. இதுல கன்சல்டன்ட்டுங்களுக்கே 20 மில்லியனுக்கு மேல (நல்ல பொழப்பு).

பழைய ஹெச்எம்:
தம்பி, பதவிக்காலத்தையும் பாருங்க. ஸ்கூல்ல மாத்தினது ரிசல்ட்டா தெரிய அஞ்சாறு வருஷம் ஆகும், அதுவரைக்கும் அந்த சீட்ல யாரு இருக்கா? முன்னாடி இருந்தவர் ஆரம்பிச்சத ஒழுங்கா முடிச்சேன்னு சொன்னா பேர் வராது, அதனால வர்றவங்க எல்லாரும் புதுசா ஒன்னு ஆரம்பிப்பாங்க. டீச்சருங்களும் கணக்கு போட்டுடுவாங்க, இவர் எத்தனை நாளைக்குன்னு.

சாக்பீஸ்:
ஆனா சார், வாஷிங்டன் டிசில மிஷெல் ரீ ஸ்கூல் தலைமைக்கு 2007ல வந்து 2010லயே போயிட்டாங்க, அவங்க கொண்டு வந்த டீச்சர் மதிப்பீட்டு முறை அப்புறமும் ஓடுச்சே?

பழைய ஹெச்எம்:
ஆமா, ஏன்னா அடுத்து வந்த காயா ஹெண்டர்சன் ரீக்கு கீழ டெபுடியா இருந்தவங்க, 2016 வரைக்கும் இருந்தாங்க. ரீய கொண்டு வந்த மேயர் தேர்தல்ல தோத்தும் உள்ளுக்குள்ள டீம் கலையல.

எடிசன்வாசி:
நியூவார்க்லயும் ஒன்னுமே மிஞ்சலன்னு எழுதிடாதீங்க. இங்கிலீஷ்ல பசங்க முன்னேற்றம் கூடிச்சு, கணக்குல பெருசா மாறல. 2018ல போர்டுக்கு அதிகாரம் திரும்பி வந்த அப்புறமும் அந்த ஒரே அட்மிஷன் முறை சில வருஷம் ஓடுச்சு, சார்ட்டர் ஸ்கூலும் இருக்கு, ஏன்னா அதுல பசங்கள சேத்த பெத்தவங்க விடமாட்டாங்க. பேப்பர்ல இந்தப் பக்கத்தையும் சேத்துக்கோங்க.