ஸ்டாலின் அப்படி ஆனது அப்பாவின் அடியாலா? மாணவன் கேட்ட கேள்விக்கு உதவி தேவை

மேலவீதி:
பதினோராம் வகுப்புக்கு வரலாறு எடுக்கிறேன். போன வாரம் ரஷ்யப் புரட்சி நடத்திக்கொண்டிருந்தபோது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "மிஸ், ஸ்டாலினோட அப்பா குடிச்சிட்டு வந்து அடிப்பாராமே, அதனாலதான் அவர் அப்படி ஆயிட்டாராமே?" யூடியூபில் பார்த்தானாம். "அப்படியும் சொல்வாங்கப்பா" என்று சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டேன்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் பையனின் அப்பாவும் குடிப்பவர். எனக்குத் தெரியும், வகுப்பில் பாதிப் பேருக்கும் தெரியும். அவன் ஸ்டாலினைப் பற்றி மட்டும் கேட்கவில்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

எங்கள் வீட்டிலேயே ஒரு ஸ்டாலின் உண்டு, என் சித்தப்பா. 1953 மார்ச்சில், ஸ்டாலின் இறந்த செய்தி வந்த வாரம் பிறந்தவர். தாத்தா கட்சிக்காரர், பெயர் வைக்க யோசிக்கவே இல்லையாம். ஆக, சின்ன வயதிலிருந்து அந்தப் பெயர் எனக்குப் பழக்கம். ஆனால் அந்த மனிதரின் இளமைப் பருவம் பற்றிப் பாடப்புத்தகத்தைத் தாண்டி எதுவும் தெரியாது. திங்கட்கிழமை அவனுக்குச் சரியான பதில் சொல்ல வேண்டும். படித்தவர்கள் சொல்லுங்கள்: அவருடைய கொடூரமான நம்பிக்கைகளுக்கு வேர் எங்கே இருக்கிறது?

செங்காந்தள்:
டீச்சர், பையன் சொன்னதில் தப்பு இல்லையே. அப்பா பெசாரியோன் ஜுகாஷ்விலி, ஜார்ஜியாவில் கோரி என்ற ஊரில் செருப்புத் தைப்பவர், பெரிய குடிகாரர். காரணமே இல்லாமல் வாங்கிய அடிகள்தான் பையனையும் அப்பாவைப் போலவே இரக்கமற்றவனாக ஆக்கின என்று கூடப் படித்த இரேமாஷ்விலியே எழுதி வைத்திருக்கிறார். பெரியம்மை முகத்தில் வடு போட்டது, வண்டி மோதி இடது கை சரியாக நீட்ட முடியாமல் போனது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஓடக்கரை:
செங்காந்தள் சொன்ன விவரங்கள் சரி. முடிவுதான் அவசரப்பட்டது என்று நினைக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள் டீச்சர். இது எனக்கு நெருக்கமான விஷயம். ஸ்டாலினைப் போலவே நானும் பாதிரியாருக்குப் படிக்கும் குருமடத்தில் நான்கு வருடம் இருந்து பாதியில் வெளியே வந்தவன்.

முதலில் இரேமாஷ்விலி. சிறுவயது நண்பர்தான். ஆனால் பின்னாளில் லெனினின் போல்ஷெவிக்குகளுக்கு எதிரணியான மென்ஷெவிக் ஆகி, 1922-ல் நாடு கடத்தப்பட்டு, 1932-ல் ஜெர்மனியிலிருந்து எழுதியவர். அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. தன் நாட்டைப் பறித்தவனைப் பற்றி எழுதும்போது ஒரு காரணம் கையில் கிடைத்தால் யாராக இருந்தாலும் அதைப் பிடித்துக்கொள்வார்கள்.

அப்புறம், அடித்தது அப்பா மட்டும் இல்லை. அம்மா கெகேயும் அடித்தார். 1935-ல் மகன் பார்க்க வந்தபோது, "ஏன் என்னை அப்படி அடித்தாய்?" என்று கேட்டதாகவும், "அதனால்தான் நீ இவ்வளவு நல்லா வந்தே" என்று அம்மா பதில் சொன்னதாகவும் ஒரு செய்தி உண்டு. அந்த அம்மா பிறர் வீட்டுத் துணி துவைத்து, துணி தைத்து மகனைப் படிக்க வைத்தவர். மகன் பாதிரியார் ஆக வேண்டும் என்பது அவர் ஆசை. அப்பாவோ பையனைத் திஃப்லிஸ் (இன்றைய திபிலிசி) நகரத்துச் செருப்புத் தொழிற்சாலையில் சேர்த்துவிட்டார். அம்மா போய்ச் சண்டை போட்டு மீட்டுக்கொண்டு வந்தார். அதன் பிறகு அப்பா அந்த வீட்டுக் கதையிலிருந்தே ஏறத்தாழ விலகிவிடுகிறார்.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். 1931 டிசம்பரில் எமில் லுத்விக் என்ற ஜெர்மன் எழுத்தாளர் ஸ்டாலினை நேரில் பார்த்து இதே கேள்வியைத்தான் கேட்டார்: உங்களைப் புரட்சிக்காரராக்கியது எது, பெற்றோர் கொடுமைப்படுத்தினார்களா? இல்லை என்றார் ஸ்டாலின். படிக்காதவர்கள், ஆனால் என்னை மோசமாக நடத்தவில்லை. நான் படித்த குருமடத்தின் கதை வேறு, என்றார். (வீட்டு அடியை ஒப்புக்கொள்ளும் ஆள் இல்லை அவர், அது வேறு.) ஆனால் அடுத்து அவர் சொன்ன விவரத்தைக் கவனியுங்கள். காலை ஒன்பது மணிக்குத் தேநீருக்கு மணி அடிக்கும். எல்லோரும் சாப்பாட்டு அறைக்குப் போவோம். திரும்பி வந்து பார்த்தால் அதற்குள் எங்கள் பெட்டிகளையெல்லாம் திறந்து துழாவியிருப்பார்கள்.

அப்போது அவருக்கு வயது 50-க்கு மேல். உலகத்தின் ஆறில் ஒரு பங்கு நிலம் அவர் கையில். முப்பது வருடத்துக்கு முந்தைய அந்தப் பெட்டியை அவர் மறக்கவில்லை.

எனக்கு அது புரியும். எங்கள் குருமடத்திலும் டிரங்குப் பெட்டிதான். காலைச் சாப்பாடு முடிந்து வந்து பார்த்தால் நான் இரண்டாக மடித்து வைத்த வேட்டி நான்காக மடிந்திருக்கும். எதையும் எடுத்திருக்க மாட்டார்கள். அம்மாவின் கடிதம் மட்டும் உறைக்குள் தலைகீழாக இருக்கும். யாரிடமும் கேட்க முடியாது. பக்கத்துக் கட்டில்காரன்தான் போட்டுக்கொடுத்திருப்பானோ என்று அவன் முகத்தைப் பார்ப்பேன், அவனும் என் முகத்தைப் பார்ப்பான். அன்றிலிருந்து நாங்கள் இருவரும் பேசுவது குறைந்துபோனது. அந்தப் பெட்டி எனக்குக் கற்றுக்கொடுத்தது இதைத்தான்: பக்கத்தில் இருப்பவனை நம்பாதே.

திஃப்லிஸ் குருமடம் அதைவிடப் பல மடங்கு கடுமை. 1894-ல் 15 வயதில் சேர்கிறார். ஜார்ஜிய மொழிக்கு அங்கே இடமில்லை, ரஷ்யன்தான். வீட்டில் பேசிய மொழியை மட்டம் தட்டும் ரஷ்யத் துறவிகள். இத்தனைக்கும் 1895-லேயே அந்தப் பையனின் ஜார்ஜியக் கவிதைகள் 'இவேரியா' பத்திரிகையில் அச்சாகியிருந்தன, அதன் ஆசிரியர் இலியா சாவ்சவாட்ஸே அந்த மொழியின் பெரும் கவிஞர். அப்படிப்பட்ட பையனை ஒளிந்து ஒளிந்து படிக்க வைத்தார்கள். விக்டர் ஹியூகோவின் நாவல் பிடிபட்டால் தனியறைத் தண்டனை. 1897 மார்ச்சில் இரவு 11 மணிக்குக் கோயில் படிக்கட்டில் உட்கார்ந்து படித்தபோது பிடித்து, "இது 13-ஆவது முறை" என்று நடத்தைப் பதிவேட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

கஸ்பேகி எழுதிய ஒரு ஜார்ஜிய நாவலில் கோபா என்ற மலைவாசி வருவான். துரோகம் செய்தவனைத் தேடிப் பழிதீர்ப்பவன். பையன் அந்தப் பெயரையே தனக்கு வைத்துக்கொண்டான். பின்னாளில் தலைமறைவு வாழ்க்கையிலும் அவர் கோபாதான். மார்க்சியம் வருவதற்கு முன்பே, உலகம் துரோகிகளும் பழிவாங்குபவர்களுமாகப் பிரிந்து கிடக்கிறது என்ற எண்ணம் வந்துவிட்டது. மார்க்சியம் வந்ததும் அந்தத் துரோகிக்கு ஒரு வர்க்கப் பெயர் கிடைத்தது.

இன்னொன்று. லெனின் இறந்ததும், 1924 ஜனவரி 26-ல் ஸ்டாலின் பேசிய பேச்சைப் படித்துப் பாருங்கள். லெனின் இன்னதைக் கட்டளையிட்டுச் சென்றார், தோழர் லெனினே, அதை நிறைவேற்றுவோம் என்று சூளுரைக்கிறோம் என்று அதே வரி திரும்பத் திரும்ப வரும். எனக்கு அதில் அரசியல் மேடை கேட்கவில்லை, ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லி ஜெபிக்கும் எங்கள் மன்றாட்டு மாலை கேட்டது. தானே கேள்வி கேட்டுத் தானே பதில் சொல்லும் அவர் எழுத்து நடையும், கேள்வி பதிலாக மதம் சொல்லித்தரும் ஞானோபதேசப் புத்தகத்தின் நடைதான். கடவுள் நம்பிக்கை போய்விட்டது, சந்தேகத்துக்கு இடம் தராத அந்த உறுதி மட்டும் கூடவே வந்துவிட்டது.

ஏட்டுச்சுரை:
அருமையாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் ஒரு இடத்தில் இடிக்கிறது. அதே திஃப்லிஸ் குருமடத்தில்தான் நோயே ஜோர்தானியாவும் படித்தார். அவரும் மார்க்சியர் ஆனார். 1918-லிருந்து 1921 வரை சுதந்திர ஜார்ஜியாவின் அரசை நடத்தியவர் அவர். பல கட்சிகள் போட்டியிட்ட தேர்தல் நடத்தினார், நிலத்தைக் குடியானவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். அந்த அரசைத்தான் 1921-ல் போல்ஷெவிக்குகளின் செஞ்சேனை வந்து கவிழ்த்தது. நீங்கள் சொன்ன இரேமாஷ்விலியும் அதே குருமடம்தான். பெட்டியைத் துழாவியது எல்லோருக்கும்தானே? அப்படியிருக்க ஒருவர் மட்டும் ஏன் ஸ்டாலின் ஆனார்?

ஓடக்கரை:
நியாயமான கேள்வி. இரண்டு நாளாக இதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

குருமடம் போதாது, ஒப்புக்கொள்கிறேன். 1899-ல் தேர்வு எழுத வரவில்லை என்று அவரை வெளியேற்றினார்கள். வானிலை ஆய்வகத்தில் ஒரு சின்ன வேலை. 1901-ல் அங்கேயும் போலீஸ் சோதனை போட, தலைமறைவாகிறார். அதிலிருந்து 1917 வரை பொய்ப் பெயர், பொய் பாஸ்போர்ட், கைது, சைபீரியா, தப்பித்தல், மறுபடி கைது. அவரை இந்த வழிக்குக் கொண்டுவந்த முக்கியமானவர் லாதோ கெத்ஸ்கோவேலி, அதே குருமடத்திலிருந்து விரட்டப்பட்டவர். 1903-ல் சிறையிலேயே காவலாளி சுட்டு இறந்தார். கட்சிக்குள் நிஜமாகவே போலீஸ் ஒற்றர்கள் இருந்தார்கள். போல்ஷெவிக்குகளின் நாடாளுமன்றப் பிரதிநிதியாக இருந்த மாலினோவ்ஸ்கியே ஒற்றர் என்று பிற்பாடு தெரிந்தது. ஸ்டாலினைக் கடைசியாக 1913-ல் மாட்டிவிட்டதும் அவர்தான். குருமடத்தில் தொடங்கிய சந்தேகம் சரிதான் என்று வாழ்க்கை பதினாறு வருடம் அவருக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது. பிறகு உள்நாட்டுப் போர். சுட்டால் காரியம் நடக்கிறது என்பதை 1918-ல் ஸாரிட்ஸின் (பின்னாளில் ஸ்டாலின்கிராட்) நகரத்தில் கையாலேயே செய்து பார்த்துவிட்டார்.

ஜோர்தானியாவும் கைதானவர்தான், தலைமறைவாக இருந்தவர்தான். ஆனால் அவர் திறந்த கட்சியை விரும்பினார், தொழிலாளர் கூட்டத்தில் ஓட்டுக்கு விட்டு முடிவெடுக்கும் பழக்கம் உள்ளவர். ஸ்டாலின் தேர்ந்துகொண்டது இரகசியக் கட்சி. தேர்ந்துகொண்டது என்ற சொல்லை வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். 22 வயதில், 25 வயதில், 30 வயதில் அவருக்கு வேறு வழிகள் கண்ணெதிரே இருந்தன, கூடப் படித்தவர்களே அந்த வழிகளில் நடந்துகொண்டிருந்தார்கள்.

லுத்விக்கிடம் பெட்டிக் கதையைச் சொன்ன அதே 1931-ல், உக்ரைன் கிராமங்களில் அவர் ஆட்கள் குடியானவர் வீடுகளில் புகுந்து தானியத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அடுத்த இரண்டு வருடத்தில் லட்சக்கணக்கானவர்கள் பட்டினியில் செத்தார்கள். 1937, 38 இரண்டே வருடத்தில் ஏறத்தாழ 6,80,000 பேரைச் சுட்டார்கள். அவர்களில் எத்தனை பேர் வீட்டில் முதலில் பெட்டியைத் திறந்திருப்பார்கள்! தனக்கு எது வலித்தது என்று தெரிந்த ஒரு மனிதர் அதையே ஒரு நாட்டுக்குச் செய்ததுதான் என்னை விடாமல் துரத்துகிறது.

டீச்சர், நான் குருமடத்தை விட்டு வந்து 20 வருடம் ஆகிறது. என் பையனுக்குப் பதின்மூன்று வயது. அவன் பையை நான் திறப்பதில்லை. சந்தேகம் வந்தால் அவனிடமே கேட்கிறேன்.

மேலவீதி:
எல்லோருக்கும் நன்றி. ஓடக்கரை அண்ணா, உங்கள் பதிலை மூன்று தடவை படித்தேன்.

திங்கட்கிழமை வரை காத்திருக்க மனம் வரவில்லை. இன்று சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் இருந்தது. மதியம் அந்தப் பையனை ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிடாமல் மைதானத்து வேப்பமரத்தடியில் உட்காரவைத்துப் பேசினேன். அடியைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. பெட்டிக் கதையைச் சொன்னேன், படிக்கட்டில் உட்கார்ந்து படித்ததைச் சொன்னேன், அவன் கேட்காமலே ஜோர்தானியாவைப் பற்றியும் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த ஜோர்தானியாவோட அப்பா எப்படி மிஸ்?" என்றான்.

தேடிச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள்.