'கம்பாட்டிபிலிட்டி'க்கு ஒரு சொல் போதாது: பொருத்தம், ஏற்பு

நண்பர்களுக்கு வணக்கம்.

கணினியின் பழைய மதர்போர்டில் புதிய பிராசசரை மாற்றுவதற்கான வழிகாட்டியில் 'கம்பாட்டிபிலிட்டி' (ஒன்றோடொன்று சேர்ந்து இயங்கும் தன்மை) வரும் இடங்களிலெல்லாம் 'ஒத்திசைவு' என்று எழுதிவிடலாம் என்ற கருத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. கைப்பேசியில் 'சிங்க்' செய்வதற்கு (தரவுகளை எல்லா இடத்திலும் ஒன்றுபோல் வைப்பதற்கு) அச்சொல் முன்பே நிலைத்துவிட்டது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், இங்கே நாம் பெயரிட வேண்டியவை இரண்டு என்பதே.

அண்மையில் வியாசர்பாடியில் தெரிந்தவர் வீட்டில், எச்110 சிப்செட் (போர்டின் பிற பகுதிகளைப் பிராசசருடன் இணைக்கும் சில்லு) கொண்ட மதர்போர்டிலிருந்து பென்டியம் ஜி4400 பிராசசரைக் கழற்றிவிட்டு, பழைய பொருளாக வாங்கிவந்த ஐ5-8400-ஐ வைத்தார்கள். மூலையிலுள்ள முக்கோணக் குறியைப் பார்த்து இறக்கியதும், விளிம்பின் இரண்டு வெட்டுகளும் பிராசசருக்கான இடமான சாக்கெட்டில் பிசகாமல் அமர்ந்தன, ஃபேனும் சுழன்றது, திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. இரண்டு பிராசசர்களும் எல்ஜிஏ 1151 என்ற சாக்கெட் வகைதான் என்றாலும், 2017 அக்டோபரில் வந்த, ஐ5-8400 அடங்கிய எட்டாம் தலைமுறைக்கு இன்டெல் 300 வரிசை சிப்செட்டைக் கட்டாயமாக்கியதோடு, சில ஊசிகளின் மின் ஒதுக்கீட்டையும் மாற்றியிருந்தது. பெரம்பூரில் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோனபோது, அவர் போர்டின் பெயரைப் படித்த உடனேயே, "உக்காரும், ஆனா போர்டு எடுக்காதுங்க" என்றார்.

நமக்கு வேண்டிய வேறுபாடு அந்த ஒரு வாக்கியத்திலேயே இருக்கிறது. 'உட்காருவது' பொருத்தம்; 'எடுப்பது' ஏற்பு. சாக்கெட், ஊசிகளின் எண்ணிக்கை, கூலரின் திருகுத் துளைகள் ஆகியவற்றுக்குப் 'பொருத்தம்' என்றும், போர்டு அந்தப் பிராசசரை அடையாளம் கண்டு இயக்குவதற்கு 'ஏற்பு' என்றும் எழுதலாம் என முன்மொழிகிறேன். ஒத்திசைவும் இணக்கமும் இருதரப்புக்கும் சமமாக உரியவை. ஏற்பதோ ஒரு தரப்பின் செயல். பதவியேற்பு, ஏற்புரை என்று நாம் அன்றாடம் கேட்கும் சொற்களிலும் அப்படித்தான். இங்கே ஏற்க வேண்டியது போர்டு.

இன்னொரு வேறுபாடும் உண்டு. பொருத்தம் ஆலையிலேயே முடிவாகிவிடுகிறது. ஏற்பு பின்னாளில் கூடவும் குறையவும் செய்யும். ஏஎம்டியின் முதல் ரைசன் பிராசசர்களோடு 2017-இல் வந்த பி350 போர்டுகள் பல, 2022-இல் கிடைத்த பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும், போர்டிலேயே பதிந்த நிரல்) புதுப்பிப்பால் ரைசன் 5000 வரிசையையும் ஏற்றன. ஆனால் 16 எம்பி பயாஸ் சில்லில் இடம் போதாமல், சில தயாரிப்பாளர்கள் மிகப் பழைய பிராசசர்கள் சிலவற்றுக்கான நிரலை நீக்கினார்கள். சாக்கெட் அதே ஏஎம்4 வகையாகவே இருக்க, முன்பு ஏற்றதை அந்தப் போர்டு ஏற்காமல் போனது. இதை 'ஒத்திசைவு இழப்பு' என்று எழுதினால் ஏதோ கோளாறு நேர்ந்ததாகவே வாசகர் எண்ணுவார். 'ஏற்பு நீக்கம்' என்றால் அது ஒருவர் முடிவெடுத்துச் செய்தது என்பது தெரிந்துவிடும்.

ஏற்கும், ஏற்காது என்று வினையாகவும் இச்சொல் தயக்கமின்றி வருகிறது. தயாரிப்பாளர் தளத்தில் ஒவ்வொரு போர்டுக்கும் தரப்படும் பிராசசர் அட்டவணையை 'ஏற்புப் பட்டியல்' எனலாம். 'பேக்வேர்டு கம்பாட்டிபிலிட்டி' (புதிய பதிப்பு பழையவற்றோடும் இயங்குவது) போன்ற மென்பொருள் வழக்குகளில் 'இணக்கம்' அப்படியே இருக்கட்டும். அதில் கைவைக்கத் தேவையில்லை.

ஆகவே வழிகாட்டியின் முதல் படியை இவ்வாறு அமைக்கலாம்: "சாக்கெட் பொருத்தத்தை உறுதிசெய்த பின், உங்கள் போர்டின் ஏற்புப் பட்டியலில் புதிய பிராசசருக்கு நேரே உள்ள பயாஸ் பதிப்பைப் பார்த்து, பழைய பிராசசரைக் கழற்றுவதற்கு முன்பே அந்தப் பதிப்புக்கு மாறுங்கள்." இதில் தடுக்கும் சொல் ஏதேனும் இருந்தால் சுட்டிக்காட்டுங்கள்.