பெட்டில் நகம் தட்டினால் பழைய லேத்தை ஒதுக்கிவிட வேண்டுமா?

வார்ப்பிரும்பு:
வீட்டுப் பட்டறைக்குப் பழைய லேத் (உலோகத்தைச் சுழற்றிக் கடையும் இயந்திரம்) தேடுகிறவர்கள் யார் வந்து கேட்டாலும் நண்பர் மைக்ரான் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்: "தண்டைப் பிடித்துச் சுழற்றும் சக்குக்குப் பக்கத்தில், லேத்தின் அடித்தளமான பெட்டின் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டினால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்." புதியவன் என்ற நண்பர் மைஃபோர்ட் எம்.எல்.7 என்ற லேத் ஒன்றைப் பற்றிக் கேட்டதற்கும் அதே வாசகம்தான். இப்படிச் சொல்லிச் சொல்லியே எத்தனை நல்ல லேத்துகளைக் காயலான் கடைக்கு அனுப்பினார்களோ தெரியாது.

நகம் தட்டுகிற அந்தப் படி எப்படி உண்டாகிறது? வெட்டும் கருவியைச் சுமந்துகொண்டு சேடில் போய்வரும் இடம் தேய்ந்து இறங்குகிறது. சேடில் எட்டாத ஓரம் அப்படியே நிற்கிறது. அவ்வளவுதான். இனி கணக்குக்கு வருவோம். பெட் 0.1 மி.மீ. இறங்கியதாக வையுங்கள். கருவிமுனையும் அதே அளவு இறங்கும். 25 மி.மீ. தண்டைக் கடைகிறீர்கள். இறங்கிய அளவை அதே எண்ணால் பெருக்கி, விட்டத்தால் வகுத்தால் ஆரத்தில் வரும் பிழை கிடைக்கும்: 0.0004 மி.மீ. விட்டத்தில் 0.0008. இதை அளக்கும் கருவி மைக்ரானின் வீட்டில் இருக்கிறதா?

மைக்ரான்:
பாதிக் கணக்கைப் போட்டுவிட்டு முழு வெற்றியை அறிவிப்பது வார்ப்பிரும்பு ஐயாவின் பழைய பழக்கம். பெட் நேர்கீழாக, முன்னும் பின்னும் சமமாக இறங்கும் என்று யார் சொன்னது? சேடில் ஓடும் இரு தடங்களில் நம் பக்கம் இருக்கும் முன்தடத்தைத்தான் வெட்டும் விசை அழுத்துகிறது, சேடிலோடு சேர்ந்த ஏப்ரன் என்ற பெட்டியின் எடையும் முன்பக்கம்தான் தொங்குகிறது. முன்தடம்தான் அதிகம் தேயும். முன்தடம் மட்டும் 0.1 மி.மீ. இறங்கினால் சேடில் முன்னோக்கிச் சாயும். தடங்களுக்கு இடையே 150 மி.மீ., தடத்திலிருந்து கருவிமுனை வரை உயரம் 100 மி.மீ. என்று எடுத்துக்கொள்ளுங்கள். முனை 0.067 மி.மீ. வெளியே நகர்ந்துவிடும். விட்டத்தில் 0.13 மி.மீ. பிழை. உங்கள் எண்ணைவிட நூறு மடங்குக்கும் மேல். நகம் தட்டினால் வாங்காதீர்கள் என்று மீண்டும் சொல்கிறேன்.

வார்ப்பிரும்பு:
தம்பி, அந்த 0.13 எந்த இரண்டு இடங்களுக்கு இடையே வரும் வித்தியாசம்? மிகவும் தேய்ந்த இடத்துக்கும் கொஞ்சமும் தேயாத இடத்துக்கும் இடையே. அதாவது சக்கின் வாயிலிருந்து, தண்டின் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக் முனை வரைக்கும். வீட்டுப் பட்டறையில் யார் அவ்வளவு நீளத் தண்டைக் கடைகிறார்கள்? புஷ், போல்ட், சிறு தண்டு என்று ஒரு விரல் நீள வேலைதான் பெரும்பாலும். அந்த நீளத்துக்குள் தேய்மானம் எவ்வளவு மாறுகிறது என்பதுதான் கேள்வி. நகம் தட்டியது என்பது அளவே அல்ல. தட்டியது தலைமுடி அளவா, தகடு அளவா? எண்ணைச் சொல்லுங்கள்.

மைக்ரான்:
முதலில் நான் உங்கள் தம்பி அல்ல. எண் வேண்டுமென்றால் நுண்ணிய ஏற்றத்தாழ்வை முள்ளால் காட்டும் டயல் கேஜ் வேண்டும். விற்பவர் வீட்டின் இருட்டு மூலையில், எண்ணெய் பிசுக்கின் நடுவே, வாங்க வந்த புதியவர் டயல் கேஜை எதன்மேல் நிறுத்தி எதை அளப்பார்? நகம் எல்லோரிடமும் இருக்கிறது, அதனால்தான் நகத்தைச் சொல்கிறேன்.

மூன்றுதாடை:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். புதியவன் கேட்டது எம்.எல்.7. அதன் பெட் தட்டையானது, சவுத் பெண்ட் லேத்தில் இருப்பதுபோல 'வி' வடிவத் தடம் கிடையாது. அதில் சேடிலை நேராக வழிநடத்துவது முன்தடத்தின் செங்குத்துப் பக்கங்கள். அங்கே தேய்ந்தால்தான் சேடில் ஆடும். மேலே நகத்தை ஓட்டினால் அது தெரியவே தெரியாது. அதற்கும் பழைய வழி ஒன்று உண்டு: பின்தடத்தின் வெளிமுகத்தில் எதுவும் உரசாததால் அது புதிதுபோலவே இருக்கும். சேடிலில் ஒரு பட்டை பொருத்தி அந்த முகத்தில் ஓடவிட்டால் லேத் மறுபிறவி எடுத்துவிடும். பலர் செய்திருக்கிறார்கள்.

வார்ப்பிரும்பு:
மூன்றுதாடை சொல்வது என் கட்சிக்குத்தான் வலு சேர்க்கிறது. நகத்தால் தெரியாது என்று அவரே சொல்லிவிட்டார்.

மைக்ரான்:
நகத்துக்கே தெரியாத தேய்மானமும் இருக்கிறது என்றால் நகத்துக்குத் தெரிகிற தேய்மானம் எவ்வளவு மோசமாக இருக்க வேண்டும்! இதுகூடப் புரியவில்லையா?

மூன்றுதாடை:
நான் இருவர் கட்சியிலும் இல்லை. தட்டைப் பெட்டா, 'வி' பெட்டா என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள் என்றுதான் சொன்னேன்.

வார்ப்பிரும்பு:
எந்தப் பெட்டாக இருந்தாலும் சரி, நகத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்வது தவறு. சேடிலைச் சக்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, அங்கே லேசாகப் பிடிக்கும் அளவுக்கு ஜிப் திருகுகளை (சேடிலின் ஆட்டத்தைக் குறைக்கும் பட்டையின் திருகுகள்) இறுக்குங்கள். பிறகு சக்கரத்தைச் சுற்றி டெயில்ஸ்டாக் பக்கம் கொண்டுபோங்கள். கையில் இறுக்கம் கூடிக்கொண்டே போய் நடுவழியில் நின்றுவிட்டால் தேய்மானம் பெரிது. கடைசி வரை ஓடினால் கவலை இல்லை. விற்பவரிடம் கேட்க வேண்டியது ஒரு ஸ்குரூ டிரைவரும் ஸ்பானரும்தான். நகத்தை வெட்டி எறியுங்கள்.

மைக்ரான்:
விற்பவர் ஜிப்பைத் தொட விடுவாரா? நீங்கள் வாங்கிய லேத்துக்கெல்லாம் விட்டார்களா? முன்பு வெள்ளை உலோகப் பேரிங் பற்றி நடந்த விவாதத்திலும் இப்படித்தான் நடைமுறைக்கு ஒவ்வாததைச் சொல்லி எங்களை அறிவில்லாதவர்கள் ஆக்கினீர்கள். அதை நான் மறக்கவில்லை.

வார்ப்பிரும்பு:
அந்த விவாதத்தில் நான் சொன்னது இன்றும் சரிதான். எம்.எல்.7-இல் சக்கைச் சுழற்றும் ஸ்பிண்டில் ஆடுகிறது என்றால் உடனே பேரிங்கை மாற்ற வேண்டும் என்று நீங்கள் அடம்பிடித்தீர்கள். பேரிங் மூடிக்கு அடியில் மெல்லிய ஏடுகளாலான அடுக்கு ஷிம் இருக்கிறது, ஒரு ஏட்டை உரித்து எடுத்தால் இடைவெளி குறையும் என்று நான் சொன்னேன். ஷிம்மை உரிக்காமல் பேரிங்கை மாற்றியவர் பணத்தை இழந்தார். இதில் யார் யாரை அறிவில்லாதவர் ஆக்கினார்?

மைக்ரான்:
ஷிம் தீர்ந்துபோன லேத்தைப் பற்றித்தான் அங்கே பேச்சு! கேள்வியை மாற்றுவதில் உங்களை யாரும் வெல்ல முடியாது.

கியர்பெட்டி:
பெட், பெட் என்று அடித்துக்கொள்கிறீர்கள். வாங்குகிறவரைப் பின்னால் அழ வைப்பது, மரைக்கு ஏற்ப மாற்றிப் போடும் சேஞ்ச் கியர்கள்தான். பல பழைய லேத்துகள் கியர் செட் இல்லாமலே விற்பனைக்கு வருகின்றன. மரை வெட்டும்போது சேடிலை நகர்த்தும் லீட் ஸ்குரூ அங்குலத்துக்கு எட்டு மரை என்றால், மெட்ரிக் மரை துல்லியமாக வெட்ட 127 பல் கியர் வேண்டும். ஒரு அங்குலம் 25.4 மி.மீ., அதை ஐந்தால் பெருக்கினால் 127. அட்லஸ் லேத் என்றால் இன்னொரு தலைவலி: அதன் கியர்கள் துத்தநாகக் கலவை வார்ப்பு. பல் உதிர்ந்திருக்கிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள்.

வார்ப்பிரும்பு:
127 கட்டாயம் இல்லை. 47 பல் கியரும் 37 பல் கியரும் போதும். வகுத்துப் பாருங்கள், 1.27-க்குப் பதில் 1.27027 வரும். 100 மி.மீ. நீள மரையில் 0.02 மி.மீ. வித்தியாசம். வீட்டில் யாருக்கும் இது உறுத்தாது.

கியர்பெட்டி:
உறுத்தாது என்று நீங்கள் முடிவு செய்யாதீர்கள். நான் லீட் ஸ்குரூ செய்கிறேன். எனக்கு உறுத்தும்.

மைக்ரான்:
பார்த்தீர்களா? பெட்டில் பிழை இருந்தால் பரவாயில்லை, மரையில் பிழை இருந்தால் பரவாயில்லை. ஐயாவுக்கு எதுதான் பரவாயில்லாமல் போகும்? நகம் தட்டும் பெட்டை வாங்கினால் பெட் முழுவதையும் கிரைண்டிங் செய்யவோ கையால் சுரண்டி ஸ்கிரேப் செய்யவோ வேண்டும். பெட் இறங்கினால் சேடில் இறங்கும், சேடில் இறங்கினால் லீட் ஸ்குரூவுக்கும் ஏப்ரனுக்கும் உயரம் பொருந்தாது, டெயில்ஸ்டாக் மையமும் தாழும். அந்தச் செலவில் புது லேத்தே வாங்கலாம்.

வார்ப்பிரும்பு:
எந்தப் புது லேத்? ஒருவர் கைகளால் தூக்கி மேசைமேல் வைக்கிறாரே, அதுவா? கொஞ்சம் ஆழமாக வெட்டு வைத்தால் கருவி அதிர்ந்து தண்டு முழுவதும் அலையலையாக வரிகள் விழும். பழைய வார்ப்பின் கனம்தான் அந்த அதிர்வை விழுங்குகிறது. ஓரத்தில் படி விழுந்த என் லேத்தில் ஒரே வெட்டில் சுருள் நீலமாக உருண்டு விழுகிறது, தண்டு கண்ணாடியாக இருக்கிறது. அப்படி ஓடும் இரும்பை நகத்தை நம்பி ஒதுக்கச் சொல்கிறீர்கள். எனக்கு மனம் பொறுக்கவில்லை.

மைக்ரான்:
கண்ணாடியாக இருப்பது வேறு, அளவு சரியாக இருப்பது வேறு. அந்தத் தண்டின் இரு முனைகளையும் மைக்ரோமீட்டரில் அளந்து எழுதுங்கள், பிறகு பேசலாம்.

மூன்றுதாடை:
தண்டு கூம்பாக வந்தால் அது பெட்டின் தேய்மானம்தான் என்று அளந்தவுடன் சொல்லிவிட முடியாது. பெட் முறுக்கிக்கொண்டு நின்றாலும் கூம்பு வரும். லேத்தைத் துல்லிய லெவல் வைத்து நிறுத்தினீர்களா என்று முதலில் கேட்க வேண்டும்.

வார்ப்பிரும்பு:
லெவல் வைத்துத்தான் நிறுத்தியிருக்கிறேன். அதை என்னிடம் கேட்க வேண்டாம்.

புதியவன்:
ஐயா, அண்ணா, எல்லோருக்கும் நன்றி. விற்பவர் நாளைக்குள் பதில் கேட்கிறார். பெட்டில் நகம் லேசாகத் தட்டியது. வேகத்தைக் குறைக்கும் பேக் கியர் போட்டால் ஒரே சீராக டக், டக் என்று சத்தம் வருகிறது. வாங்கலாமா?

வார்ப்பிரும்பு:
லேசாகத் தட்டியது என்கிறார்! கவனியுங்கள், லேசாக. வாங்குங்கள். சத்தம் பல் உடைந்ததாக இருக்கலாம். பெல்ட்டைக் கழற்றிக் கையால் மெல்லச் சுற்றி, எந்தப் பல்லில் இடிக்கிறது என்று பாருங்கள். பெரிய கியரில் பல் போயிருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

மைக்ரான்:
நகமும் தட்டுகிறது, பல்லும் இடிக்கிறது, அப்போதும் வாங்கச் சொல்கிறார். புதியவன், இவர் பேச்சைக் கேட்டுவிட்டுப் பிறகு என்னிடம் வராதீர்கள்.

வார்ப்பிரும்பு:
அவர் ஏன் உங்களிடம் வர வேண்டும்? நான் கேட்ட எண்ணை நீங்கள் இன்னும் தரவில்லை. நகம் தட்டினால் எத்தனை மி.மீ.? அதற்குப் பதில் சொல்லுங்கள்.

மைக்ரான்:
தண்டின் இரு முனை அளவு முதலில் வரட்டும்.

கியர்பெட்டி:
புதியவன், கியர் செட் முழுதாக இருக்கிறதா என்று நீங்கள் இன்னும் சொல்லவில்லை.