மறு: இறுகிப்போன போல்ட்டுக்குச் சொல் – 'மரைப்பிடிப்பு' சரிவருமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய கார் பழுதுபார்ப்புக் கையேட்டுக்கான சொற்பட்டியலைப் பார்த்தேன். கழற்ற வராமல் மாட்டிக்கொண்ட போல்ட்டுக்கு அதில் கொடுத்திருக்கும் 'இறுகிய திருகாணி', 'உறைந்த மரையாணி' இரண்டுமே எனக்கு ஒட்டவில்லை. ஒழுங்காக முடுக்கிய எந்த போல்ட்டும் இறுகித்தான் இருக்கும், அது குறையே இல்லை. உறைந்தது என்றால் படிப்பவர் குளிரை நினைப்பார், இதற்கு வைத்தியமோ பெரும்பாலும் நெருப்பு. திருகாணி என்றதும் தோட்டுத் திருகாணிதான் நினைவுக்கு வரும், அதைக் காதோடு விட்டுவிடலாம்.

பட்டறையில் என்ன சொல்கிறார்கள்? "ஜாம் ஆயிடுச்சு" என்பார்கள், "பிடிச்சுக்கிச்சு" என்பார்கள். அசைந்து கொடுத்தால் "பிடி விட்டுடுச்சு". மரை (போல்ட்டிலும் நட்டிலும் சுற்றி ஓடும் திருகு வரி) என்ற சொல்லும் அங்கே நன்றாகவே புழங்குகிறது. "மரை போச்சு" என்று சொல்லாத மெக்கானிக் கிடையாது. (மரை கழன்றவர்கள் பட்டறைக்கு வெளியிலும் உண்டு என்பது வேறு கதை.) உடம்பில் தசைப்பிடிப்பு, மூச்சுப்பிடிப்பு என்று காலங்காலமாகச் சொல்லி வருகிறோம். அதே வார்ப்பில் 'மரைப்பிடிப்பு' என்று வைத்தால் விளக்கம் தேவைப்படாது. "மரை பிடித்திருக்கிறது", "பிடிப்பு விட்டது" என்று வினையாகவும் ஓடும். வினையாக ஓடாத கலைச்சொல் பட்டியலிலேயே தங்கிவிடும்.

> துருப்பிடித்த போல்ட் என்றாலே போதுமே, எதற்குப் புதுச்சொல்?

போதாது. துரு ஒரு காரணம் மட்டும்தான். அம்பாசடரையும் பிரீமியர் பத்மினியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். பழைய அம்பாசடரின் பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) எஞ்சினில் ஹெட், அதாவது எஞ்சினின் மேல்மூடி, வார்ப்பிரும்பு. அதில் மெனிஃபோல்டு ஸ்டட் (காற்று, புகைக் குழாய்களை ஹெட்டோடு பிணைக்கும் தலையில்லாத போல்ட்) பிடித்திருந்தால் இரும்புக்குள் இரும்பு, அசல் துரு. அரித்த இரும்பைவிடத் துருவுக்குப் பல மடங்கு இடம் வேண்டும், அதனால் மரையின் இடுக்கை அடைத்து நெரிக்கிறது. பத்மினியில் ஹெட் அலுமினியம், ஸ்டட் எஃகு. இரண்டு உலோகங்களுக்கு நடுவே ஈரம் புகுந்தால் அரிபடுவது அலுமினியம். வெளியே துளி செம்மை தெரியாது, வெள்ளைப் பொடிதான் இருக்கும். இதைத் துரு என்று எழுதினால் படிப்பவர் செம்மையைத் தேடிவிட்டு, ஒன்றுமில்லை என்று ஸ்பேனரைப் போட்டு முறிப்பார்.

வைத்தியமும் மாறுகிறது. ஒரே சூட்டுக்கு அலுமினியம் எஃகைப் போல ஏறக்குறைய இரு மடங்கு விரியும். ஆகவே பத்மினியில் சுற்றியுள்ள ஹெட்டைச் சுட வேண்டும், துளை அகன்று கொடுக்கும். ஆனால் அலுமினியம் சிவந்து எச்சரிக்காது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே உருகி வழிந்துவிடும். அம்பாசடரில் நட்டையே சிவக்கச் சுட்டு ஆறவிடலாம்.

மூன்றாவது வகை ஒன்று உண்டு. பளபளப்புக்காகச் சிலர் பழைய வண்டிகளில் ஸ்டெயின்லெஸ் நட்டு போல்ட்டாக மாற்றிவிடுகிறார்கள். எண்ணெய் தடவாமல் வேகமாக முடுக்கினால் மேல்தோல் கிழிந்து உலோகமும் உலோகமும் ஒட்டிக்கொள்ளும். நேற்று மாட்டியதே இன்று கழலாது. இங்கே பலத்தைக் கூட்டக் கூட்டக் கேடும் கூடும், அறுத்துத்தான் எடுக்க வேண்டும். இதற்கு 'மரைக்கடிப்பு' என்று தனிச்சொல் கேட்கிறேன். பொதுச்சொல் மரைப்பிடிப்பு, அதில் ஒரு வகை மரைக்கடிப்பு. மற்ற இரண்டையும் துருப்பிடிப்பு, அரிமானப் பிடிப்பு என்று பிரித்தால் போதும்.

> பெனட்ரேட்டிங் ஆயில் – ஊடுருவு எண்ணெய்

தவறில்லை, ஆனால் வாயில் நுழையவில்லை. "டீசல் ஊத்தி ஊற வை" என்பதுதான் பட்டறைப் பேச்சு. 'ஊறெண்ணெய்' என்றால் என்ன செய்ய வேண்டும் என்பதும் பெயரிலேயே இருக்கிறது: தெளித்த உடனே ஸ்பேனரை எடுக்காதே, காத்திரு. ('ஊறல் எண்ணெய்' வேண்டாம், ஊறல் என்றால் போலீஸ் தேடும் சரக்கு.) டபிள்யூடி-40 ஐ இந்தத் தலைப்பின் கீழ் முதல் எடுத்துக்காட்டாகப் போட்டிருப்பதையும் மாற்றலாம். பெயரே சொல்வது போல அது நீரை விலக்க 1953-ல் உருவாக்கியது. அவசரத்துக்கு உதவும், இதற்கென்றே வரும் எண்ணெய் இருந்தால் அதுவே மேல். எதை ஊற்றினாலும் நன்றாகத் துடைக்காமல் நெருப்பைக் கிட்டே கொண்டுபோகக் கூடாது என்ற வரி கையேட்டில் கட்டாயம் வேண்டும்.

போல்ட் தலையின் மூலைகள் தேய்ந்து உருண்டுபோவதற்கு 'தலைமழுங்கல்' என்ற முன்மொழிவுக்கு என் வாக்கு. அம்பாசடர்காரர்களுக்கு இது நித்தியத் தொல்லை. பிஎம்சி எஞ்சினில் அங்குலக் கணக்கு, அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். வீட்டிலிருக்கும் 13-ஆம் நம்பர் ஸ்பேனர் அதில் போய் உட்கார்ந்த மாதிரி காட்டி, அழுத்தும்போது மூலைகளை வழித்துவிடும்.

கையேட்டின் மொழிநடை பற்றியும் ஒன்று. 'மெதுவாகத் தளர்த்தவும்' என்று எழுதிவிட்டு நகரக் கூடாது. பிடிப்பு விடும்போது 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும், கைக்கும் தெரியும். அப்புறம் கால் சுற்று கழற்றி, மறுபடி கொஞ்சம் முடுக்கி, எண்ணெய் விட்டுத் திரும்பக் கழற்றினால் காவி நிறத்தில் சேறு மாதிரி வெளியே வரும். சத்தமே இல்லாமல் ஸ்பேனர் மட்டும் ரப்பரைத் திருகுவது போல வந்தால் போல்ட் முறுக்கிக்கொண்டு நீள்கிறது என்று பொருள். அந்த இடத்தில் நிறுத்தாவிட்டால் தலை தனியாகக் கையில் வரும்.

முறிந்து உள்ளே நின்றதை 'முறிமரை' எனலாம். அதை எடுக்கும் கருவியைப் பட்டறையில் ஈஸி அவுட் என்கிறார்கள். பட்டியலில் இருக்கும் 'உடைந்த திருகு பிரித்தெடுப்பான்' ஒரே மூச்சில் சொல்லி முடிக்க முடியாதது. காலில் தைத்த முள்ளை எடுக்க முள்வாங்கி இருக்கிறதே, 'மரைவாங்கி' என்று வைத்தால் என்ன?

பெயர் நன்றாக அமைந்துவிட்டது என்பதற்காகக் கருவியை நம்பிவிட வேண்டாம் என்பதையும் விளக்கக் குறிப்பில் சேர்க்க வேண்டும். மரைவாங்கி கூம்பானது. முறிமரையின் நடுவில் துளையிட்டு இடப்பக்கமாகத் திருகும்போது ஆப்பு போல இறங்கி, முறிமரையை வெளிப்பக்கமாக விரிக்கிறது. ஏற்கெனவே பிடித்திருக்கும் மரை இன்னும் இறுகும். முழு போல்ட்டே தாங்காமல் முறிந்த இடத்தில் இந்தக் குச்சி எவ்வளவு தாங்கும்? அதுவும் உள்ளே முறிந்தால் சாதாரண டிரில் பிட் ஏறாது, அவ்வளவு கடினமான எஃகு. மின்பொறியால் உலோகத்தை அரித்தெடுக்கும் ஸ்பார்க் எரோஷன் இயந்திரம் இருக்கும் டூல் ரூமைத் தேடி ஹெட்டைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான். அளவுக்கு மீறி முடுக்கியதால் முறிந்ததற்கு மரைவாங்கி சரி. பிடித்து முறிந்ததற்கு, மேலே ஒரு நட்டை வைத்து உள்வழியாக வெல்டிங் வைப்பதே நல்லது. பிடிக்க ஒரு தலையும் கிடைக்கும், அந்தச் சூட்டிலேயே பிடிப்பும் தளரும்.

படிகார முறையைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். கடிகாரக்காரர்கள் பித்தளைத் தகட்டில் முறிந்து நிற்கும் எஃகுத் திருகைச் சூடான படிகாரக் கரைசலில் போட்டுக் கரைப்பது உண்மைதான். எஞ்சின் ஹெட்டை அப்படிப் போட்டுவைக்கப் பாத்திரத்துக்கு எங்கே போவது? கையேட்டில் வேண்டாம்.

ஸ்டட், டேப் (துளையில் மரை வெட்டும் கருவி), சாக்கெட் மூன்றையும் அப்படியே விட்டிருக்கிறேன். கடையில் போய்க் கேட்டு வாங்க வேண்டிய சாமானுக்குக் கடைக்காரருக்குத் தெரிந்த பெயர்தான் உதவும்.

மரை போன துளையில் இறக்கும் கம்பிச் சுருளுக்கு 'மரைச்சுருள்', 'சுருள்மரை' இரண்டும் வந்திருக்கின்றன. எனக்கு முன்னது பிடிக்கிறது, மற்றவர்கள் சொல்லுங்கள்.